செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: பழைய காரில் எதை முதலில் பார்ப்பது?

கோபிக்குப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 1997 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற பாகம்) உள்ள வண்டி. தோட்டத்துச் சாளையில் இரண்டு மாதம் எடுக்காமல் நின்றிருக்கிறது. ஐப்பசி மழை விட்டதும் சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "கார்புரேட்டர் போயிருச்சுங்க, மாத்தீரலாமுங்க" என்கிறார். மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நிறுத்தும்போது ஒழுங்காக ஓடிய கார்புரேட்டர், சும்மா நின்ற இரண்டு மாதத்தில் மாற்றவேண்டிய அளவுக்குக் கெட்டுப்போவது அபூர்வம். பெட்ரோல் பீச்சுகிற சின்னத் துளையான ஜெட் அடைக்கும், பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடுகிற நீடில் வால்வு ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் கிண்ணம் காய்ந்துபோகும். இவை எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிற விஷயங்கள். அதற்கும் முன்னால், கோளாறு பெட்ரோல் பக்கமா கரண்ட் பக்கமா என்பதே இன்னும் யாருக்கும் தெரியவில்லை. அது தெரியாமல் வாங்குகிற ஸ்பேர் எல்லாம் தண்டச் செலவு. பழைய வண்டிக்காரர்கள் காயில் (பொறிக்கான உயர் வோல்ட் கரண்டை உண்டாக்குவது), கண்டன்சர், பிளக், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸில் வந்து நிற்பது இதனால்தான்.

எஞ்சின் பிடிக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் பலமான பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்). எது இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், நல்ல நிலையில் ஒரு உபரி பிளக், ஒரு கண்ணாடி பாட்டில் போதும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியோடு செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து சூடாகும்.

செல்ஃப் சுற்றுவதை வைத்துப் பேட்டரி நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முக்கியமான அளவு செல்ஃப் அடிக்கும்போது வருவது. 9.6-க்குக் கீழே இறங்கினால், இருப்பதையெல்லாம் செல்ஃப் மோட்டாரே இழுத்துக்கொள்கிறது. காயிலுக்கு மிஞ்சுவதில் பலமான பொறி வராது. எர்த்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மறு முனையைப் பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். தாண்டினால் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றி, எமரி போட்டுத் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். இருபத்தைந்து வருடம் மழை பார்த்த வண்டியில் அந்தப் போல்ட்டுக்கு அடியில் துரு இல்லாமல் இருக்காது.

அடுத்தது கரண்ட். மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்பதால் இங்கே நிதானமாகப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் ஹெச்.டி. வயரை (பிளக்குக்குப் போகிற தடித்த வயர்) பிடுங்கி, அதில் உபரி பிளக்கை மாட்டி, பிளக்கின் மரை உள்ள உடம்பு எஞ்சின் உலோகத்தைத் தொடும்படி வையுங்கள். கையில் பிடிக்காதீர்கள். கார்புரேட்டருக்கும் பெட்ரோல் வாடை வரும் இடத்துக்கும் தள்ளியே இருக்கட்டும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். நீல நிறத்தில் 'டக் டக்'கென்று சத்தத்தோடு வெட்டினால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் பலம் போதாது: வெளியில் தெரிகிற அந்தப் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அணைந்துவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் ஹெச்.டி. வயரை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டுச் செல்ஃப் அடிக்கக் கூடாது, இக்னைட்டர் (காயில் கரண்டை வெட்டி விடுகிற எலக்ட்ரானிக் பாகம்) போய்விடும்.

பொறி இல்லையென்றால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் (பொறிக் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து விடுவது) நடுவுக்கு வருகிற வயரில் இதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியான கேப்பிலோ, அதற்குள் சுற்றுகிற ரோட்டரிலோ, ஹெச்.டி. வயரிலோதான். கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்பக்கம் ஈரம் கோத்திருக்கலாம். பென்சிலால் கோடு போட்டதுபோல மெல்லிய கறுப்பு வரி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடினால் அது விரிசல், கரண்ட் அந்த வழியில் தப்பி ஓடுகிறது. அந்தக் கேப்பைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆக வேண்டும். நடுவில் ஸ்பிரிங் வைத்த சின்னக் கரித்துண்டு இருக்கிறதா, விரலால் அழுத்தினால் மேலே எழுகிறதா என்று பாருங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுரண்டி எடுங்கள். வெறும் ஈரம்தான் என்றால் காய்ந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும். சாரல் காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிகள் பல இந்த ஒரே காரணத்தால் நின்றுபோகின்றன.

கேப் கழற்றியிருக்கும்போதே இன்னொன்று பார்த்துவிடலாம். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ரோட்டர் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். மாருதி 800-ல் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவது கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட்டை ஓட்டுவது டைமிங் பெல்ட். செல்ஃப் சுற்றியும் ரோட்டர் அசையவில்லையென்றால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது செல்ஃப் சத்தமே மாறிவிடும். இழுத்து இழுத்துச் சுற்றாமல் லேசாக, சீராக, வேகமாக ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் கூடாது. அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ரோட்டர் சோதனை அவற்றுக்கும் பொருந்தும்.

காயில் வயரிலும் பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப்பை எடுங்கள். லேம்ப்பின் ஒரு முனை எர்த்தில், மறு முனை காயிலின் பாசிட்டிவில். சாவி ஆன் செய்தால் எரிய வேண்டும், செல்ஃப் அடிக்கும்போதும் எரிய வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் பார்ப்பதில்லை. தேய்ந்த இக்னிஷன் ஸ்விட்ச்சில் சாவி 'ஆன்' நிலையில் கரண்ட் வரும், 'ஸ்டார்ட்' நிலைக்குத் திருப்பியதும் காயிலுக்குப் போகிற கரண்ட் அறுந்துவிடும். செல்ஃப் அடிக்கும் வரை எஞ்சின் அசைந்து கொடுக்காமல், சாவியை விடுகிற அந்த நொடியில் மட்டும் பிடிக்கப் பார்ப்பது இதன் அடையாளம். நேர்மாறாக, செல்ஃப் அடிக்கும்போது பிடித்துச் சாவியை விட்டதும் அணைந்தால், ஸ்விட்ச்சுக்குள் 'ஆன்' நிலையின் தொடுமுனை தேய்ந்திருக்கும். பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகிற கரண்டைக் குறைப்பது) உள்ள வண்டியானால் அது எரிந்திருக்கும். லேம்ப் எரியவே இல்லையென்றால் ஃபியூஸ், அப்புறம் வெளியில் மாட்டிய செக்யூரிட்டி அலாரம். பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ மாட்டிய அலாரத்தின் கட்-ஆஃப் ரிலே இக்னிஷன் வயரின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அது கெட்டால் வண்டி செத்த மாதிரிதான் இருக்கும்.

பாசிட்டிவில் கரண்ட் சரியென்றால், லேம்ப்பைக் காயிலின் நெகடிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். லேம்ப் மினுக் மினுக்கென்று அடித்தால் பாயின்ட்டோ (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் காயில் கரண்டை வெட்டுவது) இக்னைட்டரோ வேலை செய்கிறது, சந்தேகம் காயில் மேலும் கண்டன்சர் மேலும் போகும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவே இல்லை: அழுக்கு, அதிக இடைவெளி, அல்லது அறுந்த வயர். எரியவே இல்லையென்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது, அல்லது காயிலின் உட்சுற்று அறுந்திருக்கிறது. மாருதியில் பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8. இரண்டு மாத ஈரத்தில் பாயின்ட் முகத்தில் படிகிற மெல்லிய ஆக்ஸைடே கரண்டைத் தடுக்கும். நைஸ் எமரியால் இரண்டு இழுப்பு, சுத்தமான துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். காயிலை மீட்டரில் அளந்தால் பாசிட்டிவ், நெகடிவ் முனைகளுக்கு நடுவில் சில ஓம்தான் இருக்கும். நடு முனைக்கும் பாசிட்டிவுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் 6,000 முதல் 15,000 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது.

சாளையில் நின்ற வண்டி என்பதால் எலியை மறக்காதீர்கள். தேங்காய் மட்டை, சோளத்தட்டு அடுக்கிய இடத்தில் நின்ற வண்டியின் பானட்டுக்குள் எலி கூடு கட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹெச்.டி. வயர், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற சின்ன வயர், பெட்ரோல் ஹோஸ் மூன்றையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தப்பும் கடி கைக்குத் தப்பாது. வயர்களைக் கழற்றினால் முதலில் டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். மாருதி 800-ன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி வெட்டுகிற வரிசை) 1-3-2. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் 1-3-4-2. வயர் மாறிப்போனால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும், செல்ஃப் பின்னுக்கு உதைக்கும், வண்டி பிடிக்காது. 'சுத்தம் செய்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது' என்று சொல்லப்படுகிற வண்டிகளில் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பொறி நன்றாக இருக்கிறதென்றால் இனி பெட்ரோல். சாதாரணமாகச் செல்ஃப் அடித்துவிட்டு உடனே ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வண்டி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. எலும்பாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்துவிடும்.

நனைந்திருந்தால் பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது) குமிழை முழுவதும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாகத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே விடும். இதையே திரும்பத் திரும்பச் செய்தும் நனைந்துகொண்டே இருந்தால் நீடில் வால்வு மூடவில்லை. ஃப்ளோட் கிண்ணத்தின் மேல் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினால் சில சமயம் விடும். விடாவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

காய்ந்திருந்தால், உங்கள் வண்டியில் நான் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். நம் பக்கத்து வெக்கைக்கு இரண்டு மாதத்தில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி ஒரு படிவு மட்டும் மிஞ்சும். மெக்கானிக்கல் பம்ப் என்பதால் எஞ்சின் சுற்றினால்தான் பெட்ரோல் ஏறும். காலியான லைனும் கிண்ணமும் நிறைய, மேலே சொன்ன மாதிரி விட்டு விட்டு மூன்று நான்கு தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டு, மூடியைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் கேனைத் தூர வைத்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். இரண்டு விநாடி ஓடி அணைந்தால் கரண்ட், கம்ப்ரஷன், டைமிங் மூன்றும் சரி. பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது மட்டுமே கோளாறு. உங்கள் மெக்கானிக் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தச் சோதனையாவது செய்திருக்க வேண்டும்.

இப்போது கார்புரேட்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றி பாட்டிலுக்குள் விடுங்கள். பொறி எங்கும் வெட்டாமலிருக்கக் காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் துடித்துத் துடித்துப் பீச்ச வேண்டும். பீச்சினால் கோளாறு கார்புரேட்டருக்கு உள்ளே. வராவிட்டால் பின்னோக்கிப் போகவேண்டும்: பம்ப், ஃபில்டர், ஹோஸ், டேங்க். இதில் பெரும்பாலும் ஏமாற்றுவது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ். அது உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெடித்திருந்தாலும் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுகினால் தண்ணீர் கீழே இறங்கி, மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு ஓடுமே, அதே கதைதான். ஹோஸை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு வாயைத் திறக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. ஊறி, உப்பி, உள்பக்கம் உதிர்ந்து அந்தத் துகளே ஜெட்டை அடைக்கும். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்கி, கிளிப்போடு மொத்தமாக மாற்றிவிடுங்கள். கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோடு ஸ்பேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

பம்புக்குள் இருக்கிற டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் குச்சியை இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் அளவு போட்டதைவிட ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தாங்காது.

அந்தப் பாட்டில் பெட்ரோலை அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக எதாவது நின்றால் டேங்கில் தண்ணீர். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடிக்குப் போய்விடும், பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். டேங்கை முழுக்க வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. நின்ற வண்டியின் சின்னக் குழாய்களில் மண் குளவி கூடு வைத்துவிடும்.

கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால், இத்தனைக்கும் முன்னால் டேஷ்போர்டில் இருக்கிற மாற்று ஸ்விட்ச்சைப் பாருங்கள். அது கேஸ் பக்கம் நின்றால், லைனில் உள்ள சொலினாய்டு பெட்ரோலை விடாது. ஸ்விட்ச் சரியாக இருந்தும் அந்தச் சொலினாய்டு ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். கார்புரேட்டரில் தனியாக ஒரு ஃபியூயல் கட் சொலினாய்டும் உண்டு. சாவி ஆன் செய்ததும் அதில் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஓடும், விட்டால் அணையும்.

திம்பம் ஏற்றத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, சூட்டோடு நிறுத்திய வண்டி திரும்பப் பிடிக்காமல் போவது வேறு விவகாரம். லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. பானட்டைத் திறந்துவிட்டு, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, கால் மணி நேரம் விடுங்கள். ஆனால் சூடானால் அணைந்து ஆறினால் பிடிக்கிற அதே குணம் கெட்டுவருகிற காயிலுக்கும் இக்னைட்டருக்கும் உண்டு. அதனால் சூடாக இருக்கும்போதே பொறியைச் சோதித்தால்தான் எது என்று பிரியும்.

பிற்பாடு வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த) மாருதி, ஜென் வண்டிகளில் சாவி ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் சத்தம் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று போங்கள். பம்ப் ஓடியும் பொறியும் பெட்ரோலும் சேர்ந்து இல்லையென்றால் சென்சார் பக்கம். டீசல் அம்பாசிடர் என்றால் பெரும்பாலும் லைனில் காற்று: ஃபில்டர் மேல் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு மூடுங்கள். அடுத்தது ஹீட்டர் பிளக்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, வயர் வரிசையும் சரி, இன்னும் பிடிக்கவில்லையென்றால் கடைசியாகத்தான் கம்ப்ரஷன். எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி கேஜில் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 150 பிஎஸ்ஐ-யை ஒட்டி வந்தால் நிம்மதி. 100-க்குக் கீழே என்றால் எஞ்சினைத் திறக்க வேண்டிவரும். குறைவாக வருகிற சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்ப எடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை அல்லது ஹெட் கேஸ்கட். மூன்று சிலிண்டரிலும் ஒரேபோலக் குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று மார்க் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டியில் நாளைக் காலை செய்ய வேண்டியது: பேட்டரிக்குச் சார்ஜ், கேப்பைத் துடைத்து வெயிலில் வைப்பது, பொறிச் சோதனை, ஒரு டீஸ்பூன் பெட்ரோல் சோதனை, அப்புறம் பாட்டில். மெக்கானிக் வரும்போது 'ஸ்டார்ட் ஆகலீங்க' என்று மட்டும் சொல்லாமல், பொறி என்ன நிறம், பிளக் நனைந்ததா காய்ந்ததா, பாட்டிலில் பெட்ரோல் பீச்சியதா என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். பாட்டிலில் நன்றாகப் பீச்சியும் பிளக் காய்ந்தே இருந்தால், அல்லது மேலே சொன்னதெல்லாம் செய்தும் பிளக் நனைந்துகொண்டே இருந்தால் மட்டும் கார்புரேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போதும் கிளீனர் அடித்து, ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்து, நீடில் வால்வும் கேஸ்கட்டும் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டால் போதும்.